நாலில் ஒன்று

எவால்டின் கோழிகளை முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இதுங்களுக்குக் கால் எங்கேய்யா?"

கால் இருந்தது. இரண்டு விரற்கடை உயரத்துக்கு, அடிவயிற்று இறகுக்குள் ஒளிந்துகொண்டு இருந்தது. நடந்தால் உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். ஓடினால் உருள்கிற மாதிரி தெரியும். க்ரூப்பர் என்று அதற்குப் பெயர், தவழ்கிறது என்று அர்த்தம். வேலி தாண்டாது, பாத்தியைக் கிளறாது என்பதற்காக வுப்பர் ஆற்றுக்கு மேலே இருந்த ஊர்களில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு வளர்த்தார்கள். யுத்தம் முடிந்தபோது அந்த இனம் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குக்கூட இல்லை. எவால்ட் அலைந்து திரிந்து, சாகக் கிடந்த ஒரு கிழவரிடமிருந்து ஒரு சேவலும் மூன்று பெட்டையும் வாங்கி வந்தான். கிழவர் கூடவே ஒரு விதியும் கொடுத்தார். "குட்டையோட குட்டையைத்தான் சேர்க்கணும். நெட்டைக்கால் பொரிச்சா கழுத்தைத் திருகிடு. கொஞ்ச வருஷத்துல ரத்தம் சுத்தமாயிடும்."

எவால்ட் அந்த விதியைப் பதினோரு வருஷம் பிசகாமல் காப்பாற்றினான்.

அவன் சாணை பிடிக்கிறவன். ஆற்றங்கரைப் பட்டறையில் அவனுக்கென்று ஒரு கல் இருந்தது. சமையல் கத்தியின் விளிம்பில் மயிரிழை கோணல் இருந்தாலும் பிடித்துவிடுகிற கண். அதே கண்ணால்தான் கோழிக்காலையும் பார்ப்பான். ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆறு கோழிகளை நவம்பர் கண்காட்சியில் வரிசையாக நிறுத்த வேண்டும் என்பது அவன் ஆசை. அது மட்டும் கைக்கு வரவில்லை. நடுவர்கள் நான்கு நல்ல கோழிகளைப் பாராட்டிவிட்டு, அடுத்த கூண்டுக்குப் போய்விடுவார்கள்.

முட்டை விஷயம் முழுக்க அவன் மனைவி அல்மாவின் பொறுப்பு. மண்ணெண்ணெய் விளக்கில் சூடேறுகிற பழைய இன்குபேட்டர் ஒன்று மாடியில் இருந்தது. ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போடுவாள். காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம் திருப்பி வைப்பாள். ஈரப் பஞ்சு காயாமல் பார்த்துக்கொள்வாள். இருபத்தோரு நாளும் வீட்டை விட்டு நகர மாட்டாள். பார்மன் நகரத்தில் இருந்த தன் அக்கா எம்மியின் ஐம்பதாவது பிறந்தநாளுக்குக்கூடப் போகவில்லை. ஏழாம் நாள் சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு முட்டையாக விளக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பாள். உயிருள்ள முட்டையில் சிவப்பு நரம்பு சிலந்திக்கால் மாதிரி பரவியிருக்கும். செத்ததில் வெறும் ரத்த வளையம் மட்டும் தெரியும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள்.

ஒவ்வொரு வசந்தத்திலும் கிட்டத்தட்ட கால்வாசி வளையமாகப் போனது. முதல் வருஷம் எவால்ட் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம், "விளக்கு புகைஞ்சிருக்குமோ?" என்றான். மூன்றாவது வருஷம், "கதவைத் திறந்து போட்டியா?" என்றான். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, அவள் நீட்டிய நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றும்.

1960 ஏப்ரலில், ஈஸ்டருக்கு முந்தைய வாரம், நாற்பது முட்டை வைத்திருந்தார்கள். அவனுடைய மிகச் சிறந்த பெட்டையின் முட்டைகள் அதில் எட்டு. ஏழாம் நாள் அல்மா சாமான் அறையிலிருந்து தட்டோடு சமையலறைக்கு வந்தாள். எவால்ட் மேஜையில் கம்பு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"பதினொண்ணு," என்றாள்.

"அந்தப் பெட்டையோடது?"

"எட்டுல நாலு போச்சு."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "நாலா?"

"நான் ஒரு வேளைகூடத் தவறலை எவால்ட். சூடு ஒரு டிகிரி ஏறலை, இறங்கலை. நீயே வந்து பாரு."

"அப்ப எப்படிச் சாகுது? தானா சாகுமா?"

"எனக்குத் தெரியலை."

"உனக்கு எப்பத்தான் தெரிஞ்சிருக்கு?" அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவதற்கு ஒரு மூச்சு அளவு நேரமும் இருந்தது. அவன் நிறுத்தவில்லை. "மார்லீஸையும் இப்படித்தான் பார்த்துக்கிட்டியா?"

பதினாறு வருஷமாக அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. மார்லீஸ் அவர்களுடைய குழந்தை. யுத்தத்தின்போது பிறந்து, எட்டு மாதத்தில், கக்குவான் இருமலில் போனது. எவால்ட் அப்போது நார்வேயில் காவல் படையில் இருந்தான். விடுப்பில் வந்து ஆறு நாள் குழந்தையைத் தூக்கியிருக்கிறான், அவ்வளவுதான். சாவு கடிதத்தில் வந்தது. யுத்தக் கைதி முகாமிலிருந்து அவன் திரும்பி வந்தபோது தொட்டில் பரணுக்குப் போயிருந்தது. அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அல்மா தட்டை மேஜையில் வைத்தாள், ஒரு முட்டைகூட உருளாமல். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். "மீதி இருபத்தொம்பதும் உயிரோட இருக்கு," என்றாள். "சாயங்காலம் திருப்பணும். பெருக்கல் குறி மேல வரணும்."

மாலையில் அவளே திருப்பினாள். மறுநாள் காலையிலும் திருப்பிவிட்டு, ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி எம்மி வீட்டுக்குப் போய்விட்டாள்.

நாலு நாளில் வந்துவிடுவாள் என்று எவால்ட் நினைத்தான். பட்டறையில் கேட்டவர்களிடம், "அக்காவுக்கு உடம்பு சரியில்லை," என்றான். இருபத்தொன்பதில் இருபத்தேழு பொரித்தது. ஒன்பது நெட்டைக்கால். பின்கட்டில் நின்று அவற்றின் கழுத்தைத் திருகினான். அதை எப்போதும் செய்கிறவன் அவன்தான். ஆனால் இந்தத் தடவை சமையலறை ஜன்னலில் வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க ஆள் இல்லை.

மே மாதம் இன்னொரு முப்பத்தாறு முட்டை வைத்தான். இந்த முறை அவனே எல்லாம். சரியான கை பார்த்தால் என்ன ஆகும் என்று காட்ட வேண்டும் என்று ஒரு வீம்பு. விளக்கைப் புதிதாக வாங்கினான். பட்டறைக்கு அரைநாள்தான் போனான். தெர்மாமீட்டரை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்தான். ஏழாம் நாள் சாமான் அறையில் நின்று வளையங்களை எண்ணினான். எட்டு. திரும்ப எண்ணினான். எட்டுதான்.

இன்குபேட்டரில்தான் கோளாறு என்று முடிவு கட்டினான். ஜூனில் பக்கத்து வீட்டில் அடைக்கு உட்கார்ந்திருந்த பெரிய கோழி ஒன்றை இரவல் வாங்கி, அதன் வயிற்றுக்கடியில் பன்னிரண்டு முட்டை வைத்தான். விளக்கு இல்லை, பஞ்சு இல்லை, மனிதக் கையே இல்லை. ஏழாம் நாள் கோழியைத் தூக்கிவிட்டு முட்டைகளைத் தொப்பியில் எடுத்து வந்து பார்த்தான்.

நாலு வளையம்.

தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தான். அன்றைக்கே அவன் பார்மனுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் கோடை முழுவதையும் கடத்தினான்.

அக்டோபரில் கோழி வளர்ப்போர் சங்கத்துக் கூட்டத்துக்கு பான் நகரத்து வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். டாக்டர் டோனெஸ், முப்பது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ். தீவனத்தைப் பற்றிப் பேசினாள். முடிந்ததும் செயலாளர் க்ளெமென்ஸ் பியர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, "டாக்டரம்மா, எங்க எவால்டோட கோழிக்குக் கால் முளைக்க ஏதாவது மருந்து இருக்கா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "க்ரூப்பரா? இன்னும் யார்கிட்டயாவது இருக்கா?" என்று எழுந்தே விட்டாள்.

மறுநாள் காலை எவால்டின் முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கோழியாகத் தடவிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "முட்டைல கால்வாசி போகுமே, என்ன பண்றீங்க?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் எவால்ட்.

"போகாம எப்படி? குட்டையோட குட்டையைத்தானே சேர்க்கிறீங்க?"

சமையலறையில் காபி ஊற்றிக் கொடுத்தான். அவள் தீப்பெட்டியைக் கொட்டி, குச்சிகளில் சிலதை ஒடித்தாள். "ஒவ்வொரு கோழிக்கும் காலுக்குன்னு ரெண்டு குச்சி. அப்பன்கிட்டேருந்து ஒண்ணு, ஆத்தாகிட்டேருந்து ஒண்ணு. உங்க குட்டைக்கால் எல்லாத்துக்கும் ஒடிச்சது ஒண்ணு, முழுசு ஒண்ணு. அப்படி ரெண்டு கோழியைச் சேர்த்தா குஞ்சுக்கு என்னென்ன வரும்? ஒடிச்சதும் முழுசும் வந்தா குட்டைக்கால். அது பாதி. ரெண்டும் முழுசா வந்தா நெட்டைக்கால். அது கால்வாசி. ரெண்டும் ஒடிச்சதா வந்தா..." இரண்டு ஒடிந்த குச்சிகளைத் தனியாக நகர்த்தினாள். "அதுவும் கால்வாசி. மூணாம் நாளோ நாலாம் நாளோ முட்டைக்குள்ளயே போயிடும். அதோட உயிரு அவ்வளவுதான்."

"ரத்தம் சுத்தமாகலைன்னுதானே நான் நெட்டையை எல்லாம்..."

"சுத்தமான குட்டைக்கால்னு உலகத்துல உயிரோட ஒரு கோழியும் கிடையாது. அந்தச் சுத்தமானதுதான் முட்டையிலயே செத்துப் போகுது." பிறகு, அவன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "குட்டையை நெட்டையோட சேருங்க. பாதி குட்டையா வரும். ஒண்ணும் சாகாது. ரொம்பச் சுலபம்."

"யார் பார்த்துக்கிட்டாலும்?"

"யார் பார்த்துக்கிட்டாலும்."

அவன் நோட்டை எடுத்துக் கொடுத்தான். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒரு தாளில் கூட்டிப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் கருக்கூடிய முட்டை எண்ணூற்றுப் பன்னிரண்டு. முதல் வாரத்தில் செத்தது இருநூற்றேழு. "எங்க ஆராய்ச்சி நிலையத்துலகூட இவ்வளவு நேர்த்தியா எழுதி நான் பார்த்ததில்லை. கணக்கு அச்சுல அடிச்ச மாதிரி வருது. அதுக்கு மேல, இருபத்தோரு நாள் வரைக்கும் கிட்டத்தட்ட எதையுமே சாக விடலையே. இது யாரு எழுதினது?"

"என் பொண்டாட்டி," என்றான் எவால்ட்.

"கொடுத்து வெச்சவர் நீங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸிலும், பிறகு ஆற்றுக்கு மேலே தொங்கிப் போகிற ரயிலிலும் பார்மனுக்குப் போனான். நோட்டு கோட்டுப் பைக்குள் இருந்தது. கதவைத் திறந்தது எம்மி.

"ஓ, கோழிப்பண்ணைத் துரையா? இங்க முட்டை எதுவும் இல்லையே," என்றாள்.

"அல்மா இருக்காளா, எம்மி?"

"ஆறு மாசமா இங்கதான் இருக்கா. உனக்குத்தான் பஸ் கிடைக்கலை போலிருக்கு."

அல்மா மேஜையில் இருந்தாள். வாஃபிளும் பால்சோறும் செர்ரியும் இருந்தன. ரொட்டிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அவனுக்கும் ஒரு கோப்பை காபி ஊற்றி, எதிர் நாற்காலியைக் கண்ணால் காட்டினாள். எம்மி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், கதவைச் சாத்தாமல்.

எவால்ட் கடகடவென்று சொன்னான். தீப்பெட்டியைக்கூட எடுத்து மேஜைமேல் கொட்டினான். ஒடிந்த குச்சி, முழுக் குச்சி, பாதி, கால்வாசி. "உன் தப்பே இல்ல, அல்மா. இருநூத்தேழும் விதிச்சபடி செத்திருக்கு. யார் வெச்சிருந்தாலும் செத்திருக்கும். டாக்டரம்மா உன் நோட்டைப் பார்த்து அசந்துட்டாங்க. நான் தெரியாம பேசிட்டேன். என்னை மன்னிச்சுடு."

அவள் குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முட்டைக்கா மன்னிப்புக் கேக்க வந்தே?"

அவன் குச்சிகளைத் திரும்பத் தீப்பெட்டிக்குள் போடத் தொடங்கினான்.

"அதுங்களுக்கு நான் காரணமில்லேன்னு எனக்கு எப்பவும் தெரியும். திருப்பினது என் கைதானே, எனக்குத் தெரியாதா? எனக்கு இந்தக் குச்சி வேணாம், எவால்ட்." குரல் உயரவில்லை. "மார்லீஸுக்கும் ஒரு டாக்டரம்மா பூட்ஸு போட்டுக்கிட்டு வந்து சொல்லணுமா, என் தப்பு இல்லேன்னு? அப்பத்தான் நம்புவியா?"

"நான் அப்படி நினைக்கலை."

"நினைச்சே. வந்த நாள்லேருந்து நினைச்சே. ஒரே ஒரு தடவை, என்ன ஆச்சுன்னு கேட்டியா?"

உள்ளே எம்மி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றான் எவால்ட். குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டான்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நம்ம டாக்டரைச் சண்டைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பனியில நடந்து டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். இருமி இருமி நீலமாகுது, அப்புறம் மூச்சு வாங்குது, சிரிக்குது. அங்க படுக்கை இல்ல. ஒரு சிஸ்டர் சொட்டு மருந்து குடுத்து, சூடா வெச்சுக்கோன்னு அனுப்பிட்டாங்க. திரும்பி வரும்போது டிராம்ல என் மடியிலேயே மூச்சு நின்னு போச்சு. பட்டப்பகல்ல. பக்கத்துல ஒரு அம்மா, 'எவ்வளவு சமத்தாத் தூங்குது பாரு'ன்னாங்க. ஆமான்னு சொன்னேன். சொல்லிட்டா இறக்கி விட்டுடுவாங்களோன்னு பயம். கடைசி ஸ்டாப் வரைக்கும் ஆட்டிக்கிட்டே வந்தேன்."

எவால்ட் கோப்பையின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தான். வெளியே தொங்கு ரயில் போன சத்தம் வந்து, போயிற்று. ஆறு நாள் தூக்கிய அந்த எடை அவன் முழங்கை மடிப்பில் எங்கே இருந்தது என்று தேடினான். ஞாபகம் வரவில்லை. அவன் அழுதான். அல்மா அவனைத் தேற்றவில்லை, தடுக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

"வீட்டுக்கு வா," என்றான்.

"மாட்டேன். கோபத்துல சொல்லலை. அந்த வீட்டுல ஒவ்வொரு நாளும் நீ கேப்பே கேப்பேன்னு காத்திருந்து அலுத்துப் போயிட்டேன். இங்க எனக்குக் காத்திருக்க ஒண்ணும் இல்ல. நிம்மதியா இருக்கு."

அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு போனான். சில நாள் பேசினாள். சில நாள் எம்மி மட்டும் பேசினாள். குளிர்காலம் முடிகிறபோது அல்மா ரொட்டிக்கடை மாடியிலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டாள். வசந்தத்தில் க்ளெமென்ஸின் பழுப்புக் கோழிகளில் நாலு நெட்டைக்கால் பெட்டைகளை வாங்கிக் குட்டைச் சேவலோடு விட்டான். முப்பது முட்டை வைத்ததில் ஒரு வளையம்கூட இல்லை. பொரித்த குஞ்சுகளில் பாதி நெட்டை. அதில் ஒன்றின் கழுத்தையும் அவன் திருகவில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தான். கண்காட்சிக்குப் பெயர் எழுதிக்கொள்ள க்ளெமென்ஸ் வந்தபோது, "இந்த வருஷம் வேணாம்ப்பா," என்றான்.

மே மாதம் தேவாலயத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. குழந்தைகள் கல்லறையில் யுத்தகால வரிசைகளுக்கு இடம் கொடுத்திருந்த தவணைக்காலம் முடிந்துவிட்டது, கோடையில் மண்ணைச் சமன்படுத்தப் போகிறோம், கல் வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளவும். தவணையை நீட்டிக்க வழியில்லை. அந்த இடம் புதிய பாதைக்குப் போகிறது. எவால்ட் அதை மூன்று தடவை படித்துவிட்டு, ஞாயிறு வரைக்கும் பொறுக்காமல் புதன்கிழமையே ரொட்டிக்கடைக்குப் போனான். வாடிக்கையாளர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கடிதத்தை நீட்டினான். அல்மா படித்தாள். கடைக்காரம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டு ஏப்ரனைக் கழற்றினாள்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். கல்லறைத் தோட்டத்துக் கதவைத் திறந்ததும் எவால்ட் முன்னால் நடந்தான். கையளவுக் கற்கள், வரிசை வரிசையாக. குனிந்து குனிந்து பெயர்களைப் படித்துக்கொண்டே போனான். அல்மா பின்னாலிருந்து அவன் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தாண்டிட்டே," என்றாள்.

சாம்பல் நிறக் கல். சுற்றிலும் புல் சீராக வெட்டியிருந்தது. அவள் எப்போது வந்துபோயிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் நின்றார்கள். மழை தூறியது. அவன் தொப்பியைக் கழற்றினான். கடைசியில் கல்லை ஆட்டி எடுக்கக் குனிந்தான். அது நினைத்ததைவிட ஆழத்தில் இருந்தது, நகங்களுக்குள் மண் ஏறியது. அவளும் மண்டியிட்டு மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"நீ வெச்சுக்கோ," என்றான்.

"ரொட்டிக்கடை மாடியில எங்க வெக்கறது? நீயே கொண்டு போ. முற்றத்துல வை. கோழிங்க மேல ஏறி உக்காரட்டும், பரவாயில்ல."

கல்லை அவன் கோட்டில் சுற்றினாள். வாசலில் பார்மன் பஸ் முதலில் வந்தது. அவள் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எவால்டுக்கான பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. அவன் கல்லைக் கீழே வைக்காமல், இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான்.